88 பாகை 36 நிமிடம்

அட்சரேகையும் தீர்க்கரேகையும் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால், அட்லஸில் ஊர் தேடச் சொல்வதைவிட ஒரு துருவக் கப்பலைத் தினமும் பின்தொடரச் சொல்வது மேல். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும். கப்பலின் எண்களோ நாளுக்கு நாள் மாறும். ஏன் மாறின என்ற கேள்வி தானாகவே வரும்.

அதற்கு மொசைக் ஆய்வுப் பயணம் அருமையான உதாரணம். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 2019 செப்டம்பரில் நார்வேயின் ட்ரொம்சோவிலிருந்து புறப்பட்டது. அக்டோபரில், சைபீரியாவுக்கு வடக்கே ஏறக்குறைய 85 பாகையில், ஒரு பெரிய பனித்திட்டோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. அதன்பின் பனி போன போக்கில்தான் கப்பலும் போனது. பனிமேல் அமைத்த ஆய்வு முகாமும் கூடவே நகர்ந்தது.

2020 பிப்ரவரி 24-இல் அது இருந்த இடம் வடக்கு 88 பாகை 36 நிமிடம். துருவம் எவ்வளவு தொலைவு? துருவம் 90 பாகை. மீதி 1 பாகை 24 நிமிடம். அதாவது 84 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 156 கிலோமீட்டர். வரைபடத்தில் அளவுகோலே வைக்க வேண்டாம்!

தீர்க்கரேகையில் இந்தக் கணக்கு செல்லாது. குடைக் கம்பிகள் உச்சியில் கூடுவதுபோல அந்தக் கோடுகள் துருவத்தில் கூடுகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர்; கப்பல் இருந்த அந்த இடத்தில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. பனி பத்து கிலோமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே மூன்று, நான்கு பாகை தாண்டிவிடும். சுவரில் மாட்டும் செவ்வக உலகப்படத்தில் இதைக் குறித்தால் கப்பல் கன்னாபின்னாவென்று பாய்வதுபோலத் தெரியும். துருவத்தை நடுவில் வைத்த வட்டப்படம்தான் இதற்குச் சரி.

தீர்க்கரேகைக்குக் கடிகாரம் எவ்வளவு முக்கியம் என்பதை நார்வேயின் துருவப் பயணி நான்சென் அனுபவித்தே அறிந்தார். ஃப்ராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு 1893-இல் இதேபோல மிதந்தவர் அவர். 1895-இல் கப்பலை விட்டிறங்கி, தோழர் யோஹான்செனுடன் பனிச்சறுக்கிலும் நாய்வண்டியிலும் 86 பாகை 14 நிமிடம் வரை போனார். திரும்பும் வழியில் நீண்ட நடையின் அசதியில் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க மறந்தார்கள், இரண்டும் நின்றுவிட்டன. சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கண்டுபிடிக்க முடிந்தது. தீர்க்கரேகை கைநழுவியது; அதைக் கணிக்கச் சரியான நேரம் தெரிய வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால் ஒரு பாகை பிழை. வந்து சேர்ந்த தீவுகள் எவை என்று உறுதியாகத் தெரியாமலேயே ஒரு முழுக் குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். அது ஃபிரான்ஸ் ஜோசப் லேண்ட்தான் என்பது, 1896 ஜூனில் ஆங்கிலேயப் பயணி ஃபிரெடெரிக் ஜாக்சன் எதிர்ப்பட்ட பிறகே உறுதியானது.