டேங்க் ஆடப் பயமா? ஆன்லைன் கேமில் முன்னால் நிற்கக் கற்றுக்கொள்வது எப்படி?

ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடுபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. டன்ஜனுக்குப் பதிவு செய்தாச்சு. தாக்கி ஆடும் இரண்டு பேர் ரெடி, ஹீலரும் ரெடி. ஆனாலும் ஆட்டம் தொடங்கவில்லை. காரணம், டேங்க் ஆட ஆள் இல்லை!

அதே டன்ஜனுக்கு டேங்காகப் பதிவு செய்பவருக்குப் பல நேரங்களில் உடனே இடம் கிடைத்துவிடுகிறது. இவ்வளவு தேவை இருந்தும் பலர் அந்தப் பக்கமே போகாததற்கு முக்கியக் காரணம் பயம்தான். "நம்மால மொத்த டீமும் செத்துட்டா?" என்ற பயம். உண்மையில் டேங்க் ஆடுவது அவ்வளவு கஷ்டமா? விரிவாகப் பார்ப்போம்.

டேங்க் என்றால் யார்?

ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் சாதாரண டன்ஜனுக்கு 4 பேர் போவார்கள். ஒரு டேங்க், ஒரு ஹீலர், தாக்கி ஆடும் இருவர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 5 பேர். அங்கும் டேங்க் ஒருவர்தான்.

டேங்க் வேலை என்றால் சும்மா அடி வாங்குவது என்று நினைக்கிறோம். அது பாதிதான். எதிரி யாரை அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் முக்கிய வேலை.

ஒவ்வொரு எதிரியும் ஒரு கணக்கு வைத்திருக்கும். யார் எவ்வளவு அடித்தார்கள், யார் யாரைக் குணப்படுத்தினார்கள் என எல்லாமே அதில் சேரும். கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் மீதுதான் அந்த எதிரி பாயும். ஆட்டக்காரர்கள் இதை 'அக்ரோ' என்பார்கள். அந்த முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பவர்தான் நல்ல டேங்க்.

ஏன் இத்தனை பயம்?

தாக்கி ஆடும் இருவரில் ஒருவர் சொதப்பினால் ஆட்டம் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். டேங்க் விழுந்தால் அடுத்த அடி மெல்லிய கவசம் போட்ட நண்பர் தலையில் விழும். வழியில் முதலில் போவதும், எத்தனை எதிரிகளை ஒரே நேரத்தில் இழுப்பது என்று முடிவெடுப்பதும் டேங்க்தான். அதனால் அவர் செய்யும் தவறு எல்லோர் கண்ணிலும் பட்டுவிடுகிறது.

இந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, ஆள் குறைவான ரோலில் ஆடுபவருக்குக் கூடுதல் பரிசு தரும் முறையை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2011-ல் கொண்டுவந்தது. ஃபைனல் ஃபேண்டஸியிலும் இப்படி ஒரு போனஸ் உண்டு. ஆனால் பரிசு பயத்தைப் போக்காது, பழக்கம்தான் போக்கும்.

முதலில் எங்கே பழகலாம்?

ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் 'ஹால் ஆஃப் தி நோவிஸ்' என்ற பயிற்சிக்கூடம் இருக்கிறது. பல எதிரிகளின் கவனத்தை ஒன்றாகப் பிடிப்பது போன்ற அடிப்படைகளை அங்கே தனியாகவே பழகலாம்.

அடுத்தது 'டியூட்டி சப்போர்ட்'. 2022-ல் வந்த இந்த வசதியில் மற்ற மூன்று பேரும் கம்ப்யூட்டர் இயக்கும் துணைவர்கள். 15-வது லெவலில் வரும் முதல் டன்ஜனான சஸ்தாஷாவையே இப்படி ஆடலாம். எத்தனை முறை விழுந்தாலும் திட்ட ஆளில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் 2024 முதல் 'ஃபாலோயர் டன்ஜன்' என்ற பெயரில் இதே போன்ற வசதி உண்டு.

களத்தில் மறக்கக் கூடாத 5 விஷயங்கள்

1. ஸ்டான்ஸ் ஆன் செய்யுங்கள்: கிளாடியேட்டருக்கு 'அயர்ன் வில்', மராடருக்கு 'டிஃபையன்ஸ்'. இதை ஆன் செய்தால்தான் எதிரியின் கணக்கில் உங்கள் பங்கு பல மடங்கு ஏறும். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

2. இழு, சேர், அடி: தூரத்திலிருந்தே ஒரு அடி கொடுத்து இழுங்கள். எதிரிகள் ஒரே இடத்தில் குவிந்ததும், எல்லோர் மீதும் படும் தாக்குதலைப் போடுங்கள். ஒரு எதிரியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் மற்றவை ஹீலரைத் தேடிப் போய்விடும்.

3. பாஸின் முகத்தைத் திருப்புங்கள்: பாஸ் முன்பக்கமாக வீசும் தாக்குதல் நண்பர்கள் மீது படக் கூடாது. திருப்பிய பிறகு தேவையில்லாமல் நகர வேண்டாம். பாஸின் முதுகிலும் பக்கவாட்டிலும் அடிப்பவர்கள் உங்கள் பின்னாலேயே சுற்ற வேண்டியிருக்கும்.

4. தற்காப்பைச் சேமிக்காதீர்கள்: 'ராம்பார்ட்' 20 விநாடிகளுக்கு 20% அடியைக் குறைக்கும். 90 விநாடிக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். உயிர் பாதியான பிறகு போடலாம் என்று காத்திருப்பது தவறு. எதிரிகள் எல்லாம் உயிரோடு இருக்கும் தொடக்கத்தில்தான் அடி அதிகம். அப்போதே போட வேண்டும். 20% தற்காப்பு இரண்டை ஒன்றாகப் போட்டால் 40% குறையாது. மிச்சமுள்ள 80-ல்தான் இரண்டாவது 20% கழியும், ஆக மொத்தம் 36% தான். எனவே ஒன்று முடிந்ததும் இன்னொன்றைப் போடுவதே லாபம்.

5. தப்பியதை மீட்டெடுங்கள்: எதிரி வேறொருவரைத் துரத்தினால் 'ப்ரோவோக்' போட்டு உங்கள் பக்கம் திருப்புங்கள். உடனே இரண்டு அடி கொடுத்தால்தான் அது நிலைக்கும்.

எல்லா கேமுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. ஓவர்வாட்ச் போன்ற கேமில் எதிரே இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களின் கவனத்தை ஒரு பட்டனை அழுத்தித் திருப்ப முடியாது. அங்கே டேங்கின் வேலை, முன்னேறி இடம் பிடித்து அணிக்கு வழி செய்வது. 2022-ல் வந்த ஓவர்வாட்ச் 2, அணிக்கு இரண்டாக இருந்த டேங்கை ஒன்றாகக் குறைத்தது. அந்த ஒருவர் மீது பொறுப்பு இன்னும் கூடிவிட்டது.

தவறு நடந்துவிட்டால்?

தொடங்கும்போதே "எனக்கு இது முதல் முறை" என்று சாட்டில் ஒரு வரி போட்டுவிடுவது நல்லது. பெரும்பாலானோர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஃபைனல் ஃபேண்டஸி 14-ல் ஒரு டன்ஜனை முதல் முறை முடிப்பவர் குழுவில் இருந்தால், மற்றவர்களுக்கும் போனஸ் கிடைக்கும்.

அதாவது, புதிய டேங்க் குழுவுக்குப் பாரம் இல்லை. அவர் வந்ததால்தான் மற்ற மூன்று பேரின் காத்திருப்பே முடிகிறது. கூடவே பரிசும் கிடைக்கிறது.