குடற்புண்ணும் குடிநீர்க் கிணறும்

குமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனை 1838ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1922இல் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், அம்முயற்சி முடிந்தபின் இவ்வூருக்கு வந்தார். நோயாளிகளின் பெருக்கத்தைக் கண்டு இங்கேயே பணியாற்றத் துணிந்தார். அவரை நாடி வந்தோரில் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் உடையோர் மிகப் பலர். பசித்த வேளையிலும் நள்ளிரவிலும் மேல்வயிறு எரியும். உழைத்துக் குடும்பம் காக்க வேண்டியவன் சுருண்டு படுப்பான். குன்மம் என்று நம் முன்னோர் கூறிய வயிற்று நோய்களுள் இதுவும் அடங்கும். இரைப்பையைப் புண்ணுக்குக் கீழுள்ள குடலோடு இணைத்துத் தைப்பதே அந்நாளைய பெரும் பரிகாரம்.

நோய்க்குக் காரணம் யாது? மிளகாய், மரச்சீனிக் கிழங்கு, உணவில் சத்துக்குறைவு, மனக்கவலை எனப் பலவும் கூறப்பட்டன. இரைப்பையின் அமிலத்தில் கிருமி எதுவும் வாழாது என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பினர்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர் 1982இல் அந்நம்பிக்கையை அசைத்தனர். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து சுருள் வடிவக் கிருமியொன்றை அவர்கள் வளர்த்துக் காட்டினர். எவரும் எளிதில் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமி வளர்த்த நீரைத் தாமே பருகி, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! (இத்தகைய துணிவு நமக்கு வேண்டுவதில்லை.) 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக் கொள்கிறது. வயலுக்கு இடும் யூரியாவே நம் உடலிலும் இயற்கையாய்ச் சுரக்கிறது என்பதை உழவர் அறிந்து வியப்பர். பின்னர் இரைப்பையின் சளிப்படலத்துள் புகுந்து தங்குகிறது. சிலருக்கு இதனால் அமிலச் சுரப்பு மிகுந்து, குடலின் வாயிலைப் புண்ணாக்குகிறது. கிருமி உள்ளோர் அனைவருக்கும் புண் வருவதில்லை. பெரும்பாலோர் அறியாமலே சுமக்கின்றனர். வலிநீக்கி மாத்திரைகளை ஓயாது விழுங்குவோர்க்குக் கிருமி இன்றியும் புண் தோன்றும். மலம் தார் போலக் கறுத்தால் உட்கசிவு இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

இன்று பெரும்பாலும் கத்தி தேவையில்லை. அமிலம் குறைக்கும் மருந்தோடு கிருமிக்கொல்லி மருந்துகளையும் சேர்த்து, வழக்கமாக 14 நாட்கள் அளிக்கின்றனர். வலி நின்றதென்று நான்காம் நாளில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாய் வளரக்கூடும். அதுபோலவே, நெஞ்செரிவு கண்டவுடன் கடையில் தாமே வாங்கி விழுங்குவதும் தகாது. ஏனெனில் நம் பெருங்குடலில் கோடானுகோடி நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கீரை, பயறு, தவிடு ஆகியவற்றின் நாரைப் புளிக்கச் செய்து குடலுக்கு ஊட்டம் தருவனவும், தீய கிருமிகளுக்கு இடம் விடாது காப்பனவும் அவையே. களைக்கு அடிக்கும் மருந்து பயிரையும் வாட்டுவது போல, கிருமிக்கொல்லி அவற்றையும் அழிக்கும்.

இனி, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரின் எச்சில் வழியாகவும் மாசுற்ற கை, நீர் வழியாகவும் தொற்றுகிறது. தாய் மென்று குழந்தைக்கு ஊட்டும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லலாம். கிணற்றுக்கு அருகே கழிப்பறைக் குழி அமையாதவாறு பார்த்தல், மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாது கழுவுதல், குளோரின் சேர்த்தல் ஆகியவை மன்றத்தின் பொறுப்பு. தொட்டியடியில் சோதித்தால் போதாது. கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.