தொட்டி மரங்கள் – 14: பூவா, கிளையா?

போன வாரம் ஆல், அத்தி வகைகளைப் பார்த்தோம். எவ்வளவு வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாத மரங்கள். இந்த வாரத்து க்ரேப் மிர்ட்டிலும் வெட்டுக்கு அஞ்சாது. ஆனால் ஆண்டுதோறும் நம்மிடம் ஒரு கணக்குக் கேட்கும்.

சீனப் பக்கத்துச் சிறுமரம் இது. மருதாணியும் மாதுளையும் இதே குடும்பம். நம் பூமருது இன்னும் நெருங்கிய சொந்தம். இன்று இந்த மரத்தைத் தெருவுக்குத் தெரு பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போக வேண்டும். அங்கே பனிக்காலம் முடியும் தறுவாயில் தோட்டக்காரர்கள் ரம்பத்தோடு வந்து, நெடுநெடுவென்று நிற்கும் மரங்களை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். மர ஆர்வலர்கள் இதை 'க்ரேப் மர்டர்' என்று வைகிறார்கள். போன்சாய்க்காரர்கள் வாயைத் திறப்பதில்லை. அதே வேலையை இன்னும் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செய்கிறவர்கள் அவர்கள்தானே!

யாரோ வேண்டாமென்று தோண்டிப்போட்ட பழைய தூர் ஒன்று கிடைத்தால் போதும். மொட்டுகள் உப்பத் தொடங்கும் நேரம் பார்த்து வெட்டி, வேரையும் குறைத்து, தண்ணீர் நன்றாக வடியும் மண்ணில் வைத்தால், வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்க்க ஆசையாக இருக்கும்; அங்கேதான் கை கண்டிப்பாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் அந்த இடம் கழலை போல வீங்கிவிடும். வேண்டிய இடத்தில் மூன்று நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

வைத்துக்கொண்ட தளிரை விரலால் உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இருக்காது, நான்கு விளிம்போடு சதுரமாக இருக்கும். அடிப்பகுதி பிடிப்பில்லாதது. அவசரப்பட்டுக் கம்பி சுற்றி வளைத்தால், முறியாது, மூட்டோடு கழன்று வந்துவிடும். பச்சை மறைந்து பழுப்பு ஏறும்வரை பொறுத்துக் கம்பி கட்டலாம். பட்டை மெல்லியது, கம்பியின் தடம் சீக்கிரம் விழும். அடிக்கடி கவனித்து அவிழ்த்துவிட வேண்டும். பெரிய வெட்டுக்காயம் மூட நாளாகும், கட்டை உளுத்துப்போகும். அதனால் தண்ணீர் தங்காதபடி சாய்வாக வெட்டி, மேலே பசை பூசிவிடுவது நல்லது.

இந்த மரத்தின் பழைய எதிரி சாம்பல் நோய். காற்றோட்டமில்லாத இடத்தில் இளந்தளிரும் மொட்டும் வெள்ளைப் பொடி படிந்து சுருண்டுவிடும். வழி பிறந்தது 1956-இல். ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து இதன் உறவு மரமொன்றின் விதையை ஜான் க்ரீச் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். நோயை எதிர்க்கும் அந்த மரத்தோடு டொனால்ட் எகால்ஃப் வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவில் கலப்பினம் செய்தார். 1978-இல் வந்த 'நாச்சஸ்' வெள்ளைப் பூவுக்கும் இலவங்கப்பட்டை நிறத்து அடிமரத்துக்கும் பெயர்பெற்றது. அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டையொட்டி ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசளித்தபோது, அவை போய்ச் சேர்ந்ததும் இதே பூங்காவுக்குத்தான்; அப்போது அதன் இயக்குநர் க்ரீச்.

இனி அந்தக் கணக்கு. இந்த மரம் அந்தந்த ஆண்டுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். ஆனால் போன்சாயின் நெருக்கமான சிறு கிளைகள் வருவது நுனியைக் கிள்ளுவதால். கிள்ளினால் கிளை உண்டு, பூ தள்ளிப்போகும். கிள்ளாமல் விட்டால் பூ உண்டு, ஆனால் கிளைகள் நீண்டு, உருவம் கலைந்து, பரட்டைத் தலையாக நிற்கும். இலை ஓரளவு சிறுத்தாலும், தனிப் பூ தொட்டிக்காகச் சிறுப்பதில்லை. நடுவழி ஒன்று உண்டு: கோடையின் தொடக்கம்வரை கிள்ளிவிட்டு, பிறகு கையை எடுத்துவிடுவது. கொத்து சின்னதாக, கொஞ்சம் தாமதமாக வரும்.

என் கட்சி வேறு. அடிமரமும் முதல் கிளைகளும் தேறும்வரை பூவை மறந்துவிடுங்கள். ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் பருமனுக்காக ஓடவிடுங்கள். அவற்றின் நுனியில் பூத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். உருவம் நிலைத்த பிறகு, ஓராண்டு பூவுக்கு, ஓராண்டு கிளைக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பூக்கிற ஆண்டில் தழைச்சத்தைக் குறையுங்கள், வெயிலைக் குறைக்காதீர்கள். வாடிய கொத்தைக் காய் பிடிக்குமுன் வெட்டினால், அதே பருவத்தில் இன்னொரு முறையும் பூக்கக்கூடும்.

(தொடரும்)