சுவாகிலியின் எழுத்தும் ஒலியும்

ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலே தோன்றி, கென்யா, தன்சானியா முதலிய நாடுகளிற் பரந்து வழங்குவது சுவாகிலி மொழியாகும். கரை எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்றே அதன் பெயர் பிறந்தது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் யூலை மாதம் 7ஆந் திகதியை அம்மொழிக்குரிய உலக நாளாக அறிவித்தது. அம்மொழியைக் கற்கப் புகுந் தமிழர், சொற்களைத் தமிழெழுத்திற் பெயர்த்தெழுதி மனனஞ் செய்ய விழைதல் இயல்பே. அம்முறை தகாதென்பதையே ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

சுவாகிலி நெடுங்காலம் அரபு எழுத்தாலே எழுதப்பட்டது. அரபின் உயிர்க்குறிகள் மூன்றே. சுவாகிலி உயிர்களோ அ, எ, இ, ஒ, உ என ஐந்து. எனவே எகரமும் இகரமும் ஒரு குறியையும், ஒகரமும் உகரமும் மற்றொரு குறியையும் பெற்று மயங்கின. 19ஆம் நூற்றாண்டிற் கிறித்தவ மதபோதகர் உரோம எழுத்தைக் கையாண்டனர். 1928இல் மொம்பாசாவிற் கூடிய மாநாடு சன்சிபார் வழக்கைப் பொதுமொழிக்கு அடிப்படையாகக் கொண்டது. உரோம எழுத்துக்களுள் கியூ, எக்ஸ் என்பன வேண்டப்படா. சி என்பது எச் என்பதனோடு கூடியே வரும்.

இனி, தமிழர்க்கு நேரும் இடர்ப்பாட்டை நோக்குவோம். 'பம்பரம்' என்னுஞ் சொல்லின் முதற் பகரமும் இடைப் பகரமும் ஒலியால் வேறானவை, எழுத்தோ ஒன்றே. இடம் நோக்கி ஒலி மாறுதலின் நமக்கு மயக்கமில்லை. சுவாகிலியிலோ இவ்விரண்டும் மொழிமுதலில் நின்று பொருளை வேறுபடுத்தும். முதற் பகரத்தால் 'பாற்றா' எனின் பெறுதல்; இடைப் பகரத்தால் அவ்வாறே ஒலிப்பின் வாத்து. 'குங்குமம்' என்பதன் இரு ககரங்களும் அங்ஙனமே வேறெழுத்துக்களாம். நம் எழுத்திலே பெயர்த்தெழுதின் இவ்வேறுபாடுகள் மறைந்தொழியும்.

நமக்கு எளிதாவனவும் உள. 'அங்கு' என்பதிற் ககரம் கேட்கும். 'அங்ஙனம்' என்பதிற் கேளாது. நன்னூலார் சுட்டு, வினாக்களின் வழியன்றி மொழிமுதலில் இடங்கொடாத இந்த ஙகரம், பசுவைக் குறிக்கும் 'ஙோம்பே' என்னுஞ் சுவாகிலிச் சொல்லிலே முதலில் நிற்கும். உரோம எழுத்தில் எழுதுங்கால், காற்புள்ளி போன்றதொரு குறியை மேலே இட்டு அதனைக் காட்டுவர். அக்குறி இல்லையேற் ககரமுஞ் சேர்ந்தொலிக்கும். முரசைக் குறிக்கும் 'ங்கோமா' அத்தகையது. வீட்டைக் குறிக்கும் 'ஞூம்பா' என்பதன் ஞகரமும் நமக்குப் பழகியதே.

மெய்யெழுத்து மொழிமுதலாதல் நமக்குப் புதிது. மனிதனைக் குறிக்கும் 'ம்-ற்று' என்பதில் மகரமெய் தனியே ஓரசையாம். அதனை 'மு' என்றோ 'இம்' என்றோ ஒலித்தல் பிழை.

பெரும்பாலும் ஈற்றயலசையே அழுத்தம் பெறும். மேற்கூறிய மகரமெய்யும் ஈற்றயலாதலின் அழுத்தம் பெற்றது. விதிவிலக்காவன சிலவே. பம்பரத்தின் இடைப் பகரங்கொண்டு 'பரபர' என்பதை ஈற்றயலில் அழுத்தின் பெருவீதி. இரண்டாம் அசையில் அழுத்தின் 'செம்மையாக' என்பது பொருள். ஈற்று உகரத்தையும் நாம் குற்றியலுகரமாகத் தேய்த்தலாகாது. நூலைக் குறிக்கும் 'கிதாபு' முற்றியலுகரமாகவே முடியும்.

ஆதலின் உரோம எழுத்தை உள்ளவாறே கண்ணாற் கண்டு, அம்மொழியார் ஒலிப்பதைச் செவியாற் கேட்டு, வாய்விட்டுப் படித்தலே நெறி. எழுத்தைச் சில நாளிற் கற்கலாம். செவியைப் பழக்கவே காலம் வேண்டும். அங்ஙனம் பழகுவோர், தம் வாயில் நாடோறும் வழங்கும் பகரம் இருவகைப்படுதலையும் அன்றே அறிவர்.