கிராக்கி என்றால் என்ன?



தீபாவளி நெருங்கும்போது பட்டர்வொர்த்தில் படகேறி பினாங்கு கடைத்தெருவுக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கண்ணாடிக்குள் தொங்கும் பட்டுச் சேலை முன்னால் நம் பெண்கள் நிற்பார்கள். "நல்லாத்தான் இருக்கு, காசுக்கு எங்கே போறது?" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அது ஆசை, கிராக்கி அல்ல. ஆசையோடு கையில் காசும் இருந்து, 'இந்த விலைக்கு வாங்குகிறேன்' என்று மனமும் துணிந்தால்தான் அதற்குக் கிராக்கி என்று பெயர்.

கிராக்கியிலும் பல வகை உண்டு. அரிசி விலை ஏறினால் சாப்பிடாமல் இருக்க முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் கிராக்கி விலைக்கு அசையாது. சேலை விலை ஏறினால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறோம். அது அசையும் கிராக்கி. கோப்பி விலை ஏறினால் தேத்தண்ணிக்கு மாறுகிறோம். ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடிப்பது போட்டிக் கிராக்கி.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நாம் வெட்டும் பாலை யாரும் சாப்பிடுவதில்லை. எங்கோ ஒருவர் கார் வாங்கினால் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்குப் பால் வெட்டும் கை வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வருவது வழிவந்த கிராக்கி. நம் உழைப்புக்கு உள்ள கிராக்கி இந்த வகைதான்.

இதனால் நம் முன்னோர் பட்டபாட்டை மறக்கலாமா? 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது. இங்கே மரத்தில் பால் குறையவில்லை, வெட்டிய கையும் சளைக்கவில்லை. ஆனாலும் கூலியைக் குறைத்தார்கள். பல்லாயிரம் பேரைப் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். பிறகு 1950இல் கொரியப் போர் மூண்டது. அதையடுத்து ரப்பர் ராத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டியது, அதுவும் நிலைக்கவில்லை.

2020இல் கோவிட் நோய் வந்தபோது கையுறைக்கு உலகமே அலைந்தது. "இனி பாலுக்கு ராஜயோகம்தான்" என்று பேசிக்கொண்டோம். ஆனால் கையுறையில் பெரும்பங்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரில் செய்யப்பட்டது. கோப்பிக்குத் தேத்தண்ணி போல, நம் பாலுக்கும் போட்டி இருக்கிறது. 2022க்குள் கையுறை விலையும் சரிந்துவிட்டது.

செம்பனையின் கதை வேறு. ஒரே எண்ணெய் சமையலுக்கும் போகிறது, சவர்க்காரத்துக்கும் போகிறது, டீசலில் கலக்கவும் போகிறது. இது பலவழிக் கிராக்கி. ஒரு வாசல் அடைத்தாலும் இன்னொன்று திறந்திருக்கும். இருந்தும் 2022 மார்ச்சில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டிய விலை, அதே வருஷத்தில் பாதியாக இறங்கியது.

நம் காலடி மண்ணுக்கும் கிராக்கி உண்டு. பத்து காவானைப் பாருங்கள். ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பரும் தென்னையும் செம்பனையும். 2014இல் இரண்டாவது பாலம் அங்கே கரையேறியது. இன்று அது தொழிற்பேட்டை. மரத்தைவிட மண்ணுக்குக் கிராக்கி கூடினால் தோட்டம் கைமாறும். தோட்டம் போனால் வேலையோடு குடியிருக்கும் வீடும் போகும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். விலை ஏறும் மாதத்தில் கடையில் புதுக் கடன் வைக்காதீர்கள்; பழைய கடனை அடையுங்கள். ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கிய காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கிராக்கி விழும்போது நம்மைத் தாங்கும் தரை அது. சம்பளச் சீட்டில் அது சரியாக வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் சங்கத்தில் கேளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ளட்டும். ஒரே கிராக்கியை நம்பி ஒரு குடும்பமே இருப்பது ஆபத்து என்பதை 1930களில் கப்பலேறியவர்கள் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.