ஒரே கஸ்டமருக்கு மூணு பெயர்... பில் பணம் நிற்பது இதனாலயா? 'கஸ்டமர் மாஸ்டர்' என்றால் என்ன?

சரக்கு போய்ச் சேர்ந்தாச்சு, தரமும் ஓகே. ஆனா பணம் மட்டும் வரல. கேட்டால், "பில்லுல ஜிஎஸ்டி நம்பர் தப்பு சார், மாத்திக் கொடுங்க" என்று பதில் வருகிறது. குன்றத்தூர் அருகே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் இயங்குவது போன்ற சிறு நிறுவனங்களுக்கு, ஒரு பில் நின்றாலே அந்த மாதச் சம்பளத்தில் கை வைக்க வேண்டி வரும்.

கஸ்டமர் மாஸ்டர் என்றால் என்ன?

டேலி, சோஹோ, எஸ்ஏபி என எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும், வாங்குபவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், கடன் வரம்பு ஆகியவற்றை முதலில் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். அதுதான் கஸ்டமர் மாஸ்டர். ஒவ்வொரு பில்லும் இங்கிருந்துதான் விவரத்தை எடுக்கும். இங்கே ஒரு தப்பு இருந்தால், எல்லா பில்லிலும் அதே தப்பு வரும்.

இரட்டைப் பதிவால் என்ன நஷ்டம்?

ஒரே நிறுவனத்தை ஒருவர் 'பிரைவேட் லிமிடெட்' என்று முழுசாகவும், இன்னொருவர் 'பி லிட்' என்றும், மூன்றாமவர் ஊர் பெயரோடும் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் கடன் வரம்பு 5 லட்சம் ரூபாய் என்றால், சாஃப்ட்வேர் எச்சரிக்காமலே 15 லட்சத்துக்குச் சரக்கு வெளியே போய்விடும்.

15 இலக்கத்தில் என்ன இருக்கு?

ஜிஎஸ்டி எண்ணின் முதல் 2 இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அடுத்த 10 இலக்கம் பான் எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. டைப் செய்யும்போது வரும் பிழையை இது காட்டிக் கொடுக்கும்.

ஆனால், ஓசூரிலும் பெங்களூருவிலும் ஆலை வைத்திருக்கும் கஸ்டமருக்கு பான் ஒன்று, ஜிஎஸ்டி எண் இரண்டு. பெங்களூரு பில்லில் ஓசூர் எண் விழுந்தால், அதுவும் சரியான எண்தான் என்பதால் சாஃப்ட்வேர் தடுக்காமல் விட்டுவிடலாம். ஐஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழும். பெங்களூரு ஆலைக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. பணமும் நிற்கும்.

தப்பு நடந்தாச்சு... என்ன செய்யலாம்?

இ-இன்வாய்ஸ் என்றால் 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலில் ரத்து செய்துவிட்டு, வேறு எண்ணில் புது பில் போடலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்த பிறகு தெரியவந்தால், அடுத்த மாதத் தாக்கலில் திருத்தலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குப் பிறகு திருத்த வழியில்லை.

வராமல் தடுப்பது எப்படி?

* புது கஸ்டமரைச் சேர்க்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.
* பெயரை வைத்துத் தேடாமல், ஜிஎஸ்டி எண்ணை வைத்துத் தேடிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.
* ஜிஎஸ்டி போர்ட்டலில் எண் செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஒரே எண்ணில் பல குடோன்கள் இருந்தால் புது கஸ்டமராகப் போடாமல், டெலிவரி முகவரியாக மட்டும் சேருங்கள்.
* பான் ஒன்றுதானே என்று வெவ்வேறு மாநில எண்களை ஒரே பதிவாக்கிவிடாதீர்கள். கடன் வரம்பை மட்டும் மொத்தமாகப் பாருங்கள்.

புது கஸ்டமரைச் சேர்க்கும்போது இந்தச் சரிபார்ப்புக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், பணத்துக்காக வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்காது.