கோப்பின் தேதியைப் பார்த்தீர்களா?

பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வது அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் இதில் பெயர்பெற்றவர்கள். நேற்றைய முறைக்காரர் இன்று வலையோடு வந்து நின்றால் யாரும் இடம் விடமாட்டார்கள். நாள் பார்ப்பதில் இத்தனை கறாரான ஏரிக்கரையில், ஒரு சங்கத்தின் கணிப்பொறி மட்டும் நாள் பாராமல் வேலை செய்ததைச் சோதனைக்குச் சென்றபோது கண்டோம்.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தை அங்கத்தினர்கள் அறிவர். ஒன்பது மாதங்களில் மீனவர் செலுத்தும் 1,500 ரூபாயுடன் அரசின் 3,000 ரூபாயும் சேர்ந்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்புகிறது. ஆகவே தவணைப் பட்டியலில் ஒரு வரி விடுபடுவது சிறு காரியமன்று.

அச்சங்கத்தில் பட்டியல் தயாரிக்க ‘பேட்ச்’ கோப்பு ஒன்று இருந்தது. குமாஸ்தா ஒவ்வொன்றாகத் தரவேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சீட்டு என்று அதைக் கருதலாம். தட்டிவிட்டால் கணிப்பொறி மேலிருந்து கீழாக நிறைவேற்றிவிடும்; சிந்திப்பதில்லை. ஒரு மாதம் வசூல் கோப்பு பென்டிரைவிலிருந்து ஏறவில்லை. அதே பெயரில் முந்திய மாதக் கோப்பு அங்கேயே கிடந்தது. சீட்டு அதையே எடுத்து மறுபடியும் பட்டியலாக்கிவிட்டது. முந்திய மாதம் கட்டத் தவறி, இம்மாதம் இரண்டு தவணையும் சேர்த்துக் கட்டிய ஒரு மூதாட்டியின் பெயர் இரண்டு மாதமும் காணவில்லை. “ரசீது எங்கிட்ட இருக்குதுங்க ஐயா, உங்க பொட்டிதான் இல்லேங்குது” என்றார் அவர். ரசீது அடிக்கட்டைகளைப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே உண்மை விளங்கிற்று.

பரிகாரம் எளிதுதான். வேலையைத் தொடங்குமுன் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நாளைச் சீட்டே பார்க்கவேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் ‘ஃபோர்ஃபைல்ஸ்’ என்னும் கட்டளை இதற்கென்றே உள்ளது. இன்றோ இன்றைக்குப் பின்னரோ திருத்தப்பட்ட கோப்பு இருந்தால் மேலே செல்க, இல்லையேல் நிற்க என்று எழுதலாம்.

ஆனால் இதிலும் குழிகள் உண்டு. சிலர் கோப்பின் தேதியை எழுத்தாகவே எடுத்து ஒப்பிடுகின்றனர். 20-01-2022, 05-12-2023 என்ற இரண்டில் பிந்தியது எது? எழுத்து எழுத்தாகப் பார்க்கும் கணிப்பொறி முதலாவதையே பிந்தியது என்று கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மாற்றிய பிறகே ஒப்பிடவேண்டும். மேலும் 03-04 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைத்த கணிப்பொறிக்கு மார்ச் 4.

பழைய கோப்பை இன்று நகலெடுத்தால் ‘உருவாக்கிய நாள்’ இன்றாகிவிடும். ‘திருத்திய நாள்’ பழையதாகவே நிற்கும். எனவே பின்னதைத்தான் நம்பவேண்டும். அதையும் முழுதும் நம்ப இயலாது. யாரேனும் பழைய கோப்பைத் திறந்து, ஒன்றும் மாற்றாமல் மீண்டும் சேமித்தால் அதுவும் இன்றையதாகிவிடுகிறது. பழைய இயந்திரங்களில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, கடிகாரமே பல ஆண்டுகள் பின்னே போய்விடுவதும் உண்டு. அப்போது சரியான கோப்பும் தள்ளப்படும். ஆகவே கோப்பின் முதல் வரியிலேயே மாதத்தையும் ரசீதுகளின் எண்ணிக்கையையும் எழுதச் செய்தோம். அடிக்கட்டைகளை எண்ணி அத்துடன் சரிபார்ப்பது காரியதரிசியின் பொறுப்பு. எழுத்தறிந்த எவரும் செய்யத்தக்க இவ்வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டதே நமது அபிப்பிராயத்தில் முதற் பிழை.

பழவேற்காட்டின் பெயர் தாங்கிய துணிகளை முன்னர்க் கடல்கடந்து அனுப்பிய நெசவாளர்களின் வழிவந்த அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். நூல் இருப்புக் கணக்கும் கூலிப் பட்டியலும் இவ்வாறே சீட்டுகளால் ஓடும் சங்கங்கள் உள்ளன.

மூதாட்டியின் இரு தவணைகளும் திருத்திய பட்டியலில் ஏறின. அச்சங்கத்தில் இப்போது சீட்டு, “பழைய கோப்பு, நிறுத்தப்பட்டது” என்று தமிழிலேயே சொல்லி நிற்கிறது. அடிக்கடி நிற்கிறதே என்று காரியதரிசி குறைப்பட்டுக்கொண்டார். எத்தனை முறை என்று கேட்டோம். இரண்டு முறை என்றார். இரண்டு முறையும் கோப்பு பழையதுதானாம்.